பலகை யாருடையது? ஸ்கேட்போர்டிங்கில் பெண்கள்: சில குறிப்புகள்

போன ஆகஸ்ட்டில் கோவில்பத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு ஸ்கேட்போர்டு வந்து சேர்ந்தது. காரைக்காலில் இது பெரிய ஆச்சரியமில்லை. இங்கே பல வீடுகளுக்குப் பிரான்சில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ உண்டு. லீவுக்கு வரும்போது முன்பெல்லாம் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் வரும். இப்போது இதெல்லாம் வருகிறது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு அவன் மாமா பாரிசிலிருந்து கொண்டுவந்த பலகை அது.

அடுத்த பத்து நாள் தெருப் பசங்களுக்கு அதே வேலை. என் அக்கா மகளுக்குப் பதினோரு வயசு. அவளும் தினம் சாயங்காலம் போய் நிற்பாள். பசங்கள் ஆடிக் களைத்துத் தண்ணீர் குடிக்கப் போகும் அந்த ஐந்து நிமிஷம்தான் அவளுக்குக் கிடைக்கும். மூன்றாம் நாள் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். அக்கா பிடித்துக்கொண்டாள்.

"இதெல்லாம் ஆம்பளப் பசங்க வெளயாட்டு. விழுந்து மொகத்துல தழும்பாயிடுச்சுன்னா நாளைக்கு யாரு வந்து கேப்பாங்க?"

அன்று ராத்திரி சின்னவள் என்னிடம் வந்து, "சித்தி, பொண்ணுங்க யாருமே இத ஓட்டுனதில்லையா?" என்று கேட்டாள். "ஏன் இல்ல, நிறைய பேரு இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, டோக்கியோ ஒலிம்பிக்கில் பார்த்த இரண்டு மூன்று முகங்களைத் தாண்டி எனக்கு ஒரு பெயரும் தெரியாது. பிறகு உட்கார்ந்து தேடிப் படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

படித்ததில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. பெண்கள் இந்த விளையாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் இல்லை, ஆரம்பத்திலிருந்தே இருக்கிறார்கள். ஆனால் பலகையும் இடமும் பணமும் அடுத்தவர் கையில் இருந்ததால், கஷ்டகாலம் வந்தபோதெல்லாம் முதலில் இறக்கிவிடப்பட்டதும் அவர்கள்தான். எங்கள் தெருவின் ஐந்து நிமிஷக் கணக்கு உலகம் முழுக்க நடந்திருக்கிறது.

எது ஸ்கேட்போர்டு?

நம் பக்கம் 'ஸ்கேட்டிங் கிளாஸ்' என்றால் காலில் சக்கரம் வைத்த ஷூவை மாட்டிக்கொண்டு ஓடுவது. அது வேறு. ஸ்கேட்போர்டு என்பது சுமார் 80 சென்டிமீட்டர் நீளமுள்ள மரப்பலகை. மேப்பிள் மரத்தின் ஏழு மெல்லிய ஏடுகளை ஒட்டி அழுத்திச் செய்வார்கள். அடியில் இரண்டு உலோக அச்சுகள் இருக்கும். அவற்றுக்கு 'ட்ரக்' என்று பெயர். நான்கு சக்கரம், சக்கரத்துக்கு இரண்டாக எட்டு பேரிங். மேலே கால் வழுக்காமலிருக்க உப்புத்தாள் மாதிரி ஒரு ஒட்டுத்தாள். காலைப் பலகையோடு கட்ட வார் எதுவும் கிடையாது. உடம்பைச் சாய்த்தால் பலகை திரும்பும், அவ்வளவுதான். அதனால்தான் விழுவது இந்த விளையாட்டின் பாதி.

அலை இல்லாத நாட்களில் தரையில் சறுக்கலாம் என்று கலிபோர்னியாவின் கடலோரப் பிள்ளைகள் கண்டுபிடித்த பொழுதுபோக்கு இது. 1960களின் தொடக்கத்தில் கடைகளில் விற்பனைக்கு வந்தது. அப்போது சக்கரம் களிமண் கலவையில் செய்தது. சின்னக் கல் தட்டினாலும் பலகை நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் போய் விழுவார்.

தலைகீழாக ஒரு பெண்

1964இல் அமெரிக்காவில் பெண்களுக்கான தேசிய சாம்பியன் பட்டத்தை வென்றவர் பாட்டி மெக்கீ. 1965 மே 14 தேதியிட்ட 'லைஃப்' பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது. ஓடுகிற பலகைமேல் இரண்டு கையை ஊன்றி, காலை ஆகாயத்தில் நிறுத்தித் தலைகீழாக நிற்கிறார். அப்போது அவருக்கு 19 வயது. நாடெங்கும் பரவிய ஒரு மோகத்துக்கு முகமாக அந்தப் பத்திரிகை தேர்ந்தெடுத்தது ஒரு பெண்ணை.

அந்தப் படத்தைச் சின்னவளிடம் காட்டினேன். "அம்மையார் மாதிரியா?" என்றாள். காரைக்காலில் பிறந்த பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும்! மாங்கனித் திருவிழாவில் வருஷா வருஷம் கேட்கிற கதைதானே. புனிதவதி தன் அழகையும் தசையையும் உதறிப் பேயுரு கேட்டு வாங்கிக்கொண்டு, இறைவன் இருக்கும் மலையைக் காலால் மிதிக்கக்கூடாது என்று தலையால் நடந்து கயிலைக்குப் போனார் என்று பெரிய புராணம் சொல்கிறது. பக்தி வேறு, விளையாட்டு வேறு. இரண்டையும் ஒன்றாக்க நான் வரவில்லை. ஆனால் முகத்தில் தழும்பு விழுந்தால் என்னாவது என்ற கவலைக்கு முன்னால், முகமே வேண்டாம் என்று சொன்ன ஒருத்தியைக் கும்பிடுகிற ஊர் இது என்பது அன்றைக்கு ஞாபகம் வந்தது.

மெக்கீ பலகைக் கம்பெனியின் சார்பில் ஊர் ஊராகப் போய் ஆடிக்காட்டினார். ஆனால் 1965 முடிவதற்குள் மோகம் சரிந்தது. டாக்டர்கள் எச்சரித்தார்கள், பல நகரங்கள் தடை போட்டன, கடைகளில் சரக்கு தேங்கியது. அவர் விளையாட்டை விட்டு விலகினார். 2010இல் ஸ்கேட்போர்டிங்கின் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண் அவர். மகளோடு சேர்ந்து 'ஒரிஜினல் பெட்டி' என்ற பெயரில் பெண்பிள்ளைகளுக்கான பலகைக் கம்பெனியும் நடத்தினார். 2024இல் காலமானார். தொடக்கத்தில் வேறு கம்பெனியின் பலகையை விற்றுக்கொடுத்த பெண், கடைசியில் தன் பலகையைத் தானே விற்றார் என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்வோம்.

சக்கரம் மாறியது, பிறகு பார்க் மூடியது

1970களில் பாலியூரித்தேன் சக்கரம் வந்தது. ஃபிராங்க் நாஸ்வர்தி என்பவர் அதை ஸ்கேட்போர்டுக்குக் கொண்டுவந்தார். தரையைக் கவ்விப் பிடிக்கும், சின்னக் கல்லுக்கு நிற்காது. விளையாட்டு மறுபடி உயிர்பெற்றது. 1975இல் கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்த போட்டியில் செஃபிர் குழு உலகப் புகழ் பெற்றது. அந்தக் குழுவின் ஒரே பெண் பெகி ஓக்கி. பெண்களுக்கான ஃப்ரீஸ்டைலில் வென்றார். "இவ ஆம்பள மாதிரி ஆடுறா" என்று கூட ஆடிய பெண்களே ஆட்சேபித்ததாகப் பிறகு அவர் சொல்லியிருக்கிறார். நன்றாக ஆடினால் ஆண் மாதிரி, சுமாராக ஆடினால் பெண் மாதிரி. இந்த அளவுகோல் நமக்கும் பழக்கமானதுதானே.

அந்தக் காலத்தில் காசு கட்டி உள்ளே போகிற கான்கிரீட் ஸ்கேட்பார்க்குகள் ஏராளமாக முளைத்தன. போட்டிகளில் பெண்களுக்குத் தனிப் பிரிவு இருந்தது. 1980 வாக்கில் நிலைமை மாறியது. விழுந்து அடிபட்டவர்கள் வழக்குப் போட்டார்கள், விபத்துக் காப்பீட்டுச் செலவு ஏறியது, தாங்க முடியாமல் பார்க்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். காசு கட்டினால் யாரும் போகலாம் என்று இருந்த இடம் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஆட்டம் எங்கே நடந்தது? யாரோ ஒரு பையன் வீட்டுப் பின்புறத்தில் மரத்தால் அடித்த ராம்பில், பிறகு ராத்திரி நேரத் தெருவில், பார்க்கிங் இடங்களில். அங்கே பெண் வரக்கூடாது என்று எந்தப் போர்டும் தொங்கவில்லை. தொங்கவிடத் தேவையும் இல்லை. கூப்பிட்டால்தான் போகமுடியும், கூப்பிடுகிறவன் பையன். போட்டிகளில் பெண்கள் பிரிவும் தேய்ந்து மறைந்தது.

எவ்வளவு மறைந்தது என்பதற்கு ஒரு கணக்கு. 'த்ராஷர்' என்ற பத்திரிகை 1981இல் தொடங்கியது. இந்த உலகத்தில் அதன் அட்டையில் வருவதுதான் பெரிய கௌரவம். அந்த அட்டையில் 1989இல் காரா பெத் பர்ன்சைட் வந்தார். 1994இல் ஜேமி ரெயெஸ். அடுத்த பெண் லிசி அர்மாண்டோ, 2017இல். நடுவே 23 வருஷம்.

ஏன் கடை திறந்தார்கள்?

பெண்கள் தாமே கம்பெனி தொடங்கிய கதை இங்கேதான் வருகிறது. அது புரிய இந்தத் தொழிலில் காசு எப்படி ஓடுகிறது என்று தெரியவேண்டும். ஒரு ஸ்கேட்போர்டர் 'ப்ரோ' ஆகிறார் என்றால், ஒரு கம்பெனி அவர் பெயரைப் போட்டு ஒரு பலகை விற்கிறது என்று பொருள். விற்கிற ஒவ்வொரு பலகைக்கும் அவருக்கு ஒரு பங்கு வரும். அந்தப் பெயர்ப்பலகை இல்லையென்றால் எவ்வளவு திறமை இருந்தாலும் வருமானம் இல்லை. வருமானம் இல்லாவிட்டால் வேறு வேலைக்குப் போகவேண்டும், பயிற்சி குறையும். "பொண்ணு பேர் போட்டா போர்டு விக்காது" என்று கம்பெனி முடிவு செய்துவிட்டால் அந்த முடிவு தன்னைத்தானே நிரூபித்துக்கொள்ளும்.

1990களின் கடைசியில் எலிசா ஸ்டீமர் அந்தச் சுவரில் ஒரு ஓட்டை போட்டார். தெருவில் ஆடுகிற பாணியில் ஆண்களுக்குச் சமமாக ஆடி, 'டாய் மெஷின்' கம்பெனியில் தன் பெயரில் பலகை பெற்றார். 1999இல் வந்த 'டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர்' வீடியோ கேமில் நிஜ ஆட்டக்காரர்கள் வரிசையில் இருந்த ஒரே பெண் அவர்தான். பிற்காலத்தில் 'நார்ஹன்டர்ஸ்' என்று சொந்தக் கம்பெனி வைத்தார்.

அதற்குச் சற்று முன்பே, 1996இல், நியூயார்க்கில் கேத்தரின் லயன்ஸ், எல்ஸ்கா சாண்டர் என்ற இரண்டு பெண்கள் 'ரூக்கி' என்ற பலகைக் கம்பெனியைத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் காலத்து ஸ்கேட் விளம்பரங்களில் பெண் என்றால் அரைகுறை உடையில் ஓரமாக நிற்கிறவள். ரூக்கியில் பெண் பலகைமேல் இருந்தாள். மறு வருஷமே பாட்டி செகோவியா பெண்களுக்கு மட்டுமான 'ஆல் கேர்ல் ஸ்கேட் ஜாம்' போட்டியைத் தொடங்கினார்.

லிசா விட்டேகரின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. அவரும் ஸ்கேட்போர்டர்தான், கையில் கேமராவோடு அலைந்தவர். மற்றவர்கள் படம்பிடிக்காத பெண்களைப் படம்பிடித்து இணையத்தில் போட ஆரம்பித்தார். உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் 'நான் மட்டும்தான்' என்று நினைத்திருந்த பெண்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது அப்படித்தான். தான் படமெடுக்கிற முன்னணிப் பெண்களில் பலருக்குப் பலகை கொடுக்கவே ஒரு கம்பெனி இல்லை என்பதைப் பார்த்து, 2012இல் 'மியாவ் ஸ்கேட்போர்ட்ஸ்' என்று தானே தொடங்கினார். 'பூனை' என்று பெயர் வைத்த கம்பெனியை யார் மதிப்பார்கள் என்று யாராவது கேட்டிருக்கலாம். அதில் ஆடியவர்களில் மரியா டுரான் டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார்.

இதே வரிசையில் இன்னும் இரண்டு பெயர்கள். 1970களில் ப்ரோவாக இருந்த சிண்டி வைட்ஹெட், பல வருஷம் கழித்துத் திரும்பிவந்து 'கேர்ல் என்பது கெட்டவார்த்தை இல்லை' என்ற பொருள்படும் பெயரில் 2013இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். லட்டோஷா ஸ்டோன் என்ற கறுப்பினப் பெண் 'ப்ராப்பர் நார்' என்ற கம்பெனியைத் தானே படம் வரைந்து நடத்துகிறார். எல்லாம் சின்னக் கம்பெனிகள்தான், பெரிய லாபம் பார்த்த கதைகள் இல்லை. ஆனால் யாருக்குப் பலகை கொடுப்பது, யார் படத்தை விளம்பரத்தில் போடுவது என்ற முடிவு ஒரு பெண்ணின் மேஜையில் எடுக்கப்பட்டது.

50,000க்கு 2,000

போட்டிப் பணத்திலும் இதே கதை. எக்ஸ் கேம்ஸ் என்ற பெரிய போட்டியில் 2005 வாக்கில் ஆண்கள் வெர்ட் பிரிவை வென்றவருக்கு 50,000 டாலர். பெண்களில் வென்றவருக்கு 2,000. டிவி ஒளிபரப்பும் ஆண்களுக்கே. காரா பெத் பர்ன்சைட், மிமி நூப் முதலிய ஆட்டக்காரர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தார்கள். ஆடமாட்டோம் என்று எச்சரித்தார்கள், பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்கள். சில வருஷத்தில் பரிசுத்தொகை சமமானது. தொழிற்சங்கம் பார்த்த நமக்கு இதில் புதுசு ஒன்றுமில்லை. இதே இருவரும் சேர்ந்து 'ஹூப்லா' என்ற பலகைக் கம்பெனியும் நடத்தினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பேரம் பேச நாற்காலி வேண்டுமென்றால், சில சமயம் நாற்காலியை நாமே செய்துகொண்டு போகவேண்டியிருக்கிறது.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டிங் முதல்முறை சேர்ந்தது. ஆண்களுக்கு எத்தனை பிரிவோ பெண்களுக்கும் அத்தனை. பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் ஜப்பானின் மோமிஜி நிஷியா தங்கம், பிரேசிலின் ரெய்சா லியல் வெள்ளி, ஜப்பானின் ஃபூனா நகயாமா வெண்கலம். வயது முறையே 13, 13, 16. மூன்று பேர் வயதையும் கூட்டினால் 42. அடுத்தது 2024 பாரிஸ், நடந்த இடம் நகரின் நடுநாயகமான கான்கார்ட் சதுக்கம். எங்கள் தெருவுக்கு வந்த பலகைக்கும் அந்த ஊர்தான் என்பதில் சின்னவளுக்கு ஒரு சந்தோஷம்.

இரண்டு கவுன்கள்

இனி நம் பக்கம் வருவோம். இங்கேயிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் மாமல்லபுரம். அங்கே மீனவர் குடியிருப்பைச் சேர்ந்த கமலி மூர்த்தி சின்ன வயசிலேயே பலகை ஏறியவர். கவுன் போட்டுக்கொண்டு, காலில் செருப்புகூட இல்லாமல் ராம்பில் இறங்குகிற அவர் படத்தை டோனி ஹாக் இணையத்தில் பகிர்ந்தார். உலகம் முழுக்கப் பார்த்தார்கள். கமலியையும், தனியாளாக அவரை வளர்த்த தாயையும் பற்றி சாஷா ரெயின்போ என்ற இயக்குநர் 'கமலி' என்ற குறும்படம் எடுத்தார். 2020இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்கு, சிறந்த குறும்படப் பிரிவில் அது பரிந்துரை பெற்றது. அதே பிரிவில் போட்டியிட்ட இன்னொரு படமும் ஸ்கேட்போர்டு ஓட்டும் பெண்பிள்ளைகளைப் பற்றியதுதான். அது காபூல் கதை. அந்தப் படம் பாஃப்டாவையும் வென்றது, அதே வருஷம் ஆஸ்காரையும் வென்றது.

டோனி ஹாக் இன்னொரு பெண்பிள்ளையையும் இப்படிப் பகிர்ந்திருக்கிறார். 2015இல், நீலநிற தேவதை உடையில் படிக்கட்டின் மேலிருந்து பலகையைச் சுழற்றிக் குதித்த ஏழு வயதுக் குழந்தை. மேலே சொன்ன ரெய்சா லியல்தான் அது. அவரும் பெரிய நகரத்துக்காரர் இல்லை, பிரேசிலின் வடகிழக்கில் இருக்கும் இம்பெராட்ரிஸ் என்ற ஊர்.

இரண்டு பிள்ளை, இரண்டு கவுன், பகிர்ந்தவர் ஒருவரே. ரெய்சா இரண்டு ஒலிம்பிக் பதக்கம் வாங்கினார். கமலி? அவர் கடலுக்குள் போனார். இன்று அலைச்சறுக்கில் தேசியப் பட்டங்கள் வென்ற வீராங்கனை. ஆக இது தோல்விக் கதை இல்லை. எனக்குத் தோன்றுவது வேறு. ரெய்சா வளர்ந்தபோது பிரேசிலில் அவருக்கு முன்னால் லெட்டிசியா புஃபோனி மாதிரி பெண்கள் இருந்தார்கள். 'ஸ்ட்ரீட் லீக்' உலகத்தொடர் 2015இல் பெண்கள் பிரிவைத் தொடங்கியிருந்தது. 2019இல், 11 வயதில், ரெய்சா அதில் ஒரு சுற்றை வென்றார். ஏணியில் படிகள் இருந்தன, ஏறினார். மாமல்லபுரத்தில் பலகைக்கு ஒரு ராம்ப் இருந்தது, அதற்குமேல் படி குறைவு. அலைச்சறுக்கில் ஊர்க்காரர்களே வீரர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் இருந்தார்கள், போட்டிகளும் நடந்தன. படி இருக்கிற பக்கம்தான் பிள்ளைகள் ஏறும். திறமையைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம்.

விதி போட்டவர்கள் பெண்கள்

பெங்களூரின் அதிதா வர்கீஸ் 19 வயதில் பலகை ஏறினார். ஊரில் கூட ஆட இன்னொரு பெண் இல்லை. 'கேர்ல் ஸ்கேட் இந்தியா' என்ற அமைப்பை 2015 வாக்கில் தொடங்கி, பெண்பிள்ளைகளுக்குப் பலகை கொடுத்துக் கற்றுத்தர ஆரம்பித்தார். வெளிநாட்டுப் பெண் ஆட்டக்காரர்களை வரவழைத்து, அவர்களோடு ஊர் ஊராகச் சுற்றினார். ஸ்கேட்பார்க் கட்டுகிற இடங்களில் கான்கிரீட் வேலையும் செய்தவர். பலகை ஓட்டுவது மட்டும் போதாது, தளத்தையும் போடத் தெரியவேண்டும் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது.

மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்று ஒரு கிராமம். உல்ரிகே ரெய்ன்ஹார்ட் என்ற ஜெர்மன் பெண் 2015இல் அங்கே ஸ்கேட்பார்க் திறந்தார். ஆதிவாசிப் பிள்ளைகளும் யாதவர் பிள்ளைகளும் ஒரே தளத்தில் ஆடவேண்டிய நிலை. விதிகள் இரண்டே. பள்ளிக்கூடம் போகாவிட்டால் பலகை இல்லை. பெண்பிள்ளைக்கே முதல் உரிமை. அதாவது பலகை குறைவாக இருந்து ஒரு பெண் வந்து கேட்டால், பையன் இறங்கிக் கொடுத்துவிடவேண்டும். எங்கள் தெருக் கணக்கை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி! அந்த ஊரின் ஆஷா கோண்ட் 2018இல் சீனாவின் நாஞ்சிங்கில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்காக ஆடினார். பிறகு தன் ஊர்ப் பிள்ளைகளுக்காகத் தானே ஓர் அமைப்பை நடத்த ஆரம்பித்தார்.

காபூலில் 2007இல் ஆஸ்திரேலியர் ஆலிவர் பெர்கோவிச் தொடங்கிய 'ஸ்கேட்டிஸ்தான்' இன்னொரு பாடம். அங்கே பெண்பிள்ளை சைக்கிள் ஓட்டக்கூடாது, பட்டம் விடக்கூடாது. ஸ்கேட்போர்டு மட்டும் ஓட்டலாம். ஏனென்றால் தடை போடவேண்டும் என்று யாருக்கும் தோன்றாத அளவுக்கு அது புதுசு! பெண்களுக்குத் தனி நாள், பெண் ஆசிரியைகள், கூடவே படிப்பு என்று ஏற்பாடு செய்ததும் வீட்டார் அனுப்பினார்கள். 2021இல் தாலிபான் திரும்பி வந்ததும் பெண்களின் விளையாட்டுக்கே இடமில்லாமல் போனது. சாவி அடுத்தவர் கைக்குப் போனால் என்னாகும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் வேண்டாம்.

நம் சக்கரம்

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். காபூலும் கலிபோர்னியாவும் அவளை அசைக்கவில்லை. "அது அவங்க ஊரு." சரி, நம் ஊருக்கு வருகிறேன் என்று புதுக்கோட்டையைச் சொன்னேன்.

1990களின் தொடக்கத்தில் அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். கல் உடைக்கிறவர்கள், விவசாயக் கூலிகள், பூ விற்கிறவர்கள் என்று ஆயிரமாயிரம் பேர் கற்றார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகி, பெண்கள் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். இந்தக் கதையில் ஒரு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓட்டக் கற்றுக்கொடுத்ததோடு நிற்காமல், சைக்கிள் வாங்கக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்கள். புருஷனோ அண்ணனோ வெளியே எடுத்துப்போகாத நேரம் பார்த்து ஓட்டுகிற சைக்கிள் வேறு, வாசலில் தன் பெயரில் நிற்கிற சைக்கிள் வேறு. இன்று யூனிபார்ம் போட்ட பெண்பிள்ளைகள் வரிசையாக சைக்கிளில் போவதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது.

"நீயும் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள்லதானே போன? பாட்டி என்ன சொல்லிச்சு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை.

அவள் பயத்தை நான் சின்னதாக்கவில்லை. விழுந்தால் அடிபடும். ஹெல்மெட்டும், முட்டி, முழங்கை, மணிக்கட்டுக்கான காப்பும் இல்லாமல் ஏறக்கூடாது. முதல் வாரம் கற்கவேண்டியது ஓட்டுவதை அல்ல, விழுவதை. கையை விறைப்பாக ஊன்றாமல் உடம்பை உருட்டி விழப் பழகவேண்டும். கடலோரம் என்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக்காற்றும் மணலும் பேரிங்கைச் சீக்கிரம் தின்றுவிடும், அடிக்கடி கழற்றித் துடைத்து எண்ணெய் போடவேண்டும்.

மற்றபடி இதற்குத் தேவை பெரிய ஸ்டேடியம் இல்லை. வழவழப்பாகப் போட்ட ஒரு சிமென்ட் தளம், பெண்பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேரம், அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்திருக்க ஒரு பெரிய மனுஷி, கேட்டுத்தான் வாங்கவேண்டும் என்றில்லாத ஒரு பலகை. படித்த அத்தனை ஊர்களிலும் பிள்ளைகள் வந்தது இந்த நான்கும் சேர்ந்த இடத்துக்குத்தான். நான்கில் கடைசியை என்னால் செய்யமுடியும். தீபாவளிப் பணத்தில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், சின்னவளுக்கு இன்னும் சொல்லவில்லை. பெரிய மனுஷி வேலைக்கும் நான் தயார். விடிகாலையில் கடற்கரைச் சாலை காலியாகத்தான் கிடக்கிறது.

அக்கா இன்னும் சரி என்று சொல்லவில்லை. நேற்று துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அந்த முட்டிக்குப் போடுறது என்னா வெல வரும்?" என்று மட்டும் கேட்டாள்.